கோப்பினை உடைத்துப் படம் செய்தல்: கிளிட்ச் கலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1995-ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜோன் ஹேம்ஸ்கெர்க், பெல்ஜியத்தைச் சேர்ந்த டிர்க் பாஸ்மன்ஸ் ஆகிய இருவரும் ஜோடி என்ற கூட்டுப் பெயரில் ஓர் இணையதளத்தை வெளியிட்டனர். அதைத் திறந்தவர்களுக்குக் கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் மினுக்கும் பொருளற்ற எண்களும் குறிகளுமே தெரிந்தன. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தவர்களுக்கு மட்டும், அதே குறிகள் ஓர் அணுகுண்டின் வரைபடமாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இடைவெளிகளையும் வரிமுறிவுகளையும் சுருக்கிவிடுவது உலாவியின் இயல்பு என்பதால், மூலத்தில் முழுமையாக இருக்கும் வரைபடம் திரைக்கு வரும்போது நொறுங்கிவிடுகிறது. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்பதையே படைப்பின் பொருளாக ஆக்கியதால் அது இணையக் கலையின் தொடக்ககால முக்கியப் படைப்புகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

ஹேக்கர் பண்பாடு என்றதும் களவும் ஊடுருவலும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கலைஞர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு பழக்கங்கள்: மூடியிருக்கும் எதையும் திறந்து பார்ப்பது, பார்த்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது. 1980-களில் கமடோர் 64 கணினியின் விளையாட்டுகளில் நகல் பூட்டை உடைத்த இளைஞர்கள், தங்கள் கைவண்ணத்தைக் காட்ட விளையாட்டின் முன்னால் சிறு அசைபடங்களை இணைத்தார்கள். அந்த அசைபடங்கள் தனிக் கலையாக வளர்ந்து டெமோசீன் எனப் பெயர் பெற்றன. பின்லாந்து 2020-லும் ஜெர்மனி 2021-லும் அதைத் தங்கள் நாட்டின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தன. 2001-இல் வெனிஸ் பியனாலே என்னும் கலைக் கண்காட்சியில், ஸ்லோவேனியா அரங்கில் இரண்டு கலைக்குழுக்கள் சேர்ந்து பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஒரு கணினி வைரஸையே படைப்பாக வைத்தன.

இந்தப் பெரிய மரபில், ஒரு சாதாரண மடிக்கணினியும் பொறுமையும் மட்டும் கொண்டு இன்றே தொடங்கக்கூடிய கிளை கிளிட்ச் கலை. ஒரு படத்தையோ காணொளியையோ அதன் கோப்பு நிலையிலேயே சேதப்படுத்தி, அந்தச் சேதத்தை இயந்திரம் எப்படிப் படித்துக் காட்டுகிறது என்பதைப் படைப்பாக்குவதே இதன் அடிப்படை. கைப்பேசிச் செயலிகளில் கிளிட்ச் என்ற பெயரில் கிடைக்கும் வடிகட்டிகள் இந்தத் தோற்றத்தை ஒரே தொடுதலில் ஒட்டிவிடுகின்றன. அவை எந்தப் படத்தின் மீதும் ஒரே மாதிரியான கோடுகளை இடுவதால், படத்தைப் பற்றியும் அது சேமிக்கப்பட்ட விதத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. எங்கே உடைக்கிறோம் என்று தெரிந்து உடைத்தால், சேதமே அந்தக் கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும். இந்த வழிகாட்டி அந்த அறிவைத்தான் முதன்மையாகக் கருதுகிறது.

முன்னேற்பாடு

தேவையான கருவிகள் எல்லாம் இலவசம். விண்டோஸில் ஹெச்எக்ஸ்டி, மேக்கில் ஹெக்ஸ் ஃபீண்ட், லினக்ஸில் ஆக்டெட்டா ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு ஹெக்ஸ் எடிட்டர் வேண்டும்; கோப்பின் பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையிலான எண்களை, நேரடியாகக் காட்டித் திருத்தவிடும் நிரல் அது. இதனுடன் ஒலித் தொகுப்புக்கு ஆடாசிட்டியும், படங்களை வடிவம் மாற்றிச் சேமிக்க ஜிம்ப்பும், காணொளி வேலைக்கு எஃப்எஃப்எம்பெக்கும் போதும்.

வேலை தொடங்கும் முன் ஒரு கோப்புறையை உருவாக்கி, மூலப்படத்தை அதில் வைத்து, அதன் நகல்களில் மட்டுமே கை வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிய பெயரில் சேமியுங்கள். உடைந்த கோப்பை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி பெரும்பாலும் கிடையாது என்பதால், இந்த ஒழுங்கைத் தளர்த்தவே கூடாது. நீங்கள் எடுத்த படங்களையோ காப்புரிமை முடிந்த படங்களையோ பயன்படுத்துங்கள்.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். பெரிய, தெளிவான உருவமும் சீரான பின்புலமும் உள்ள படம் தொடக்கத்துக்கு ஏற்றது, ஏனெனில் எது விலகியது, எது நிறம் மாறியது என்பது அதில் உடனே புலப்படும். டச்சுக் கலைஞர் ரோசா மெங்க்மன் 2010-இல் தம் முகப் படம் ஒன்றையே பல கோப்பு வடிவங்களில் சேமித்து, ஒவ்வொன்றையும் சேதப்படுத்தி, ஒவ்வொரு வடிவமும் எப்படி வேறுவிதமாக உடைகிறது என்பதை அருகருகே காட்டினார். நீங்களும் கடைசி வரை ஒரே படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தால், மாறுவது வடிவம் மட்டுமே என்பதால் கற்பது எளிது.

முதல் படி: பிஎம்பி கோப்பில் தமிழ் எழுதுதல்

பிஎம்பி மிகப் பழைய, எளிய வடிவம். வழக்கமான 24-பிட் பிஎம்பியில் முதல் 54 பைட்டுகள் தலைப்பகுதி. படத்தின் அகலம், உயரம் முதலிய விவரங்கள் அங்கே இருக்கும். அதன்பின் சுருக்கம் எதுவும் இல்லாமல், ஒரு பிக்சலுக்கு நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் மூன்று பைட்டுகள் வீதம் தொடர்ந்து வரும். படத்தின் கீழ் வரியே கோப்பில் முதலில் வருவதால், கோப்பின் தொடக்கத்தில் செய்யும் சேதம் படத்தின் அடியில் தெரியும்.

ஜிம்ப்பில் படத்தை 120 பிக்சல் அகலம், 80 பிக்சல் உயரம் என்று சுருக்கி, 24-பிட் பிஎம்பியாக ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதிச் சாளரத்தில் நிறவெளித் தகவலை எழுத வேண்டாம் என்ற தெரிவை இடாவிட்டால் தலைப்பகுதி நீண்டுவிடும். கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது 10-ஆவது இடத்தில் உள்ள பைட்டைப் பாருங்கள். அங்கே பதினாறடிமான எண்ணில் 36 என்று இருந்தால், பிக்சல்கள் 54-ஆவது பைட்டில் தொடங்குகின்றன என்று பொருள்.

இப்போது ஒரு நீண்ட தமிழ்க் கட்டுரையை, எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சாதாரண உரைக்கோப்பாகச் சேமித்து, அதையும் ஹெக்ஸ் எடிட்டரில் திறவுங்கள். முழுவதையும் நகலெடுத்து, பிஎம்பியின் தலைப்பகுதிக்குப் பிறகு மேலெழுதும் முறையில் ஒட்டுங்கள். இடைச்செருகும் முறையில் ஒட்டினால் கோப்பின் நீளம் மாறிவிடும். இந்த அளவுள்ள படத்துக்கு 28,800 பைட்டுகள் தேவை. அதற்கும் மேல் உள்ள உரையை வெட்டிவிடுங்கள்.

கிடைக்கும் படம் தற்செயலான புள்ளிக்கூட்டமாக இருக்காது. யுனிகோடு தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள் கொண்டது. முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128-க்கும் 191-க்கும் இடைப்பட்டது. பிக்சலும் மூன்று பைட்டு, தமிழ்க் குறியும் மூன்று பைட்டு என்பதால் இரண்டும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. ‘தமிழ்’ என்று எழுதினால் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறிகள், அதாவது ஐந்து பிக்சல்கள். த என்பது 224, 174, 164. நீலம் 224, பச்சை 174, சிவப்பு 164 என்று படிக்கப்படுவதால் அது வெளிர் நீலமாகத் தெரியும். புள்ளி 224, 175, 141 என்பதால் சற்றே பசுமை கலந்த நீலம்.

சொற்களுக்கு இடையில் வரும் இடைவெளி ஒரே ஒரு பைட்டு. அது வந்தவுடன் அடுத்த சொல்லின் பைட்டுகள் ஓரிடம் தள்ளிப்போய், நீலத்துக்கு உரிய இடத்தில் மாறும் எண்ணும், பச்சைக்கு உரிய இடத்தில் 224-உம் அமர்கின்றன. அந்தச் சொல் முழுவதும் இளம்பச்சையாகிறது. இன்னோர் இடைவெளி வந்தால் அடுத்த சொல் இளஞ்சிவப்பு. மூன்றாவது இடைவெளியில் மீண்டும் நீலம். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வரிமுறிவு ஆகியவையும் இதே சுழற்சியைத் தள்ளிவிடும். ஆக, உரையின் சொல்லமைப்பே வண்ணப் பட்டைகளாக விரிகிறது: நீண்ட சொற்களைக் கூட்டி எழுதுபவரின் நடை அகன்ற பட்டைகளாகவும், சிறு சொற்களில் எழுதுபவரின் நடை பொடிப்பொடியாகவும் தெரியும். மூன்று பைட்டு அமைப்பு இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது என்றாலும், இந்த 174, 175 என்ற எண்கள் தமிழுக்கே உரியவை. ஓர் ஆங்கில உரையை இதேபோல் ஒட்டிப் பாருங்கள், மங்கிய சாம்பல் மணல்தான் கிடைக்கும். இந்த வேறுபாட்டை நேரில் பார்ப்பதற்காகவாவது இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று கருதுகிறேன்.

இரண்டாம் படி: படத்தை ஒலியாகத் திறத்தல்

இம்முறை படத்தை 1,000 பிக்சல் அகலத்தில், அதே பிஎம்பி வடிவில் சேமியுங்கள். ஆடாசிட்டியின் கோப்புப் பட்டியில் இம்போர்ட் என்பதன்கீழ் உள்ள ரா டேட்டா என்பதைத் தேர்ந்து, படக்கோப்பைக் காட்டுங்கள். குறியேற்றம் யு-லா, தடம் மோனோ, வீதம் 44,100 என்று வைக்கவும். யு-லா ஒரு மாதிரிக்கு ஒரு பைட்டு மட்டுமே எடுத்துக்கொள்வதால், படத்தின் ஒரு பைட்டு ஒலியின் ஒரு மாதிரியாக மாறுகிறது. முன்னதாக விருப்பத்தேர்வுகளில் டிதர் என்பதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்றுமதியின்போது படமெங்கும் மெல்லிய இரைச்சல் படியும்.

அலைவடிவத்தின் முதல் நொடியை விட்டுவிட்டு, எஞ்சியதில் ஒரு பகுதியைத் தெரிவுசெய்து எக்கோ விளைவைக் கொடுங்கள். இதில் இடப்படும் தாமத எண்ணைக் குருட்டுத்தனமாக மாற்றிப் பார்ப்பதைவிடக் கணக்குப் போட்டு இடுவது நல்லது. 1,000 பிக்சல் அகலமுள்ள படத்தின் ஒரு வரி 3,000 பைட்டுகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், ஒரு வரியைக் கடக்க ஏறத்தாழ 0.068 நொடி ஆகும். ஆகவே ஒரு நொடித் தாமதம் கொடுத்தால், உருவத்தின் எதிரொலி 14 வரிகள் மேலேயும் 700 பிக்சல்கள் பக்கவாட்டிலும் தள்ளித் தோன்றும். எதிரொலி நேர்மேலே மட்டும் அடுக்கப்பட வேண்டுமானால் தாமதம் 3,000 மாதிரிகளின் மடங்காக இருக்க வேண்டும். 3-இன் மடங்காக இல்லாத தாமதம் கொடுத்தால், நீலம் பச்சையின் மீதும் பச்சை சிவப்பின் மீதும் விழுந்து நிறங்களும் சேர்ந்து கலங்கும். இந்த ஒரே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் நிழல் எங்கே விழ வேண்டும், எந்த நிறத்தில் விழ வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ஃபேசர் விளைவு அலையலையான நிறக்கோடுகளைத் தரும். ரிவர்ஸ் தெரிவுசெய்த பட்டையைத் தலைகீழாக்கி நிறங்களையும் இடம் மாற்றும். வேகத்தை மாற்றும் விளைவுகளைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அவை கோப்பின் நீளத்தை மாற்றிவிடும், நீளம் குறைந்த பிஎம்பியைப் பல நிரல்கள் திறக்க மறுக்கும்.

முடிந்ததும் ஏற்றுமதியில் தலைப்பகுதியற்ற ரா வடிவத்தையும் யு-லா குறியேற்றத்தையும் தெரிவு செய்து, பெயரின் இறுதியில் பிஎம்பி நீட்சியை இடுங்கள். பின்பு ஹெக்ஸ் எடிட்டரில் மூலப்படத்தின் முதல் 54 பைட்டுகளை நகலெடுத்துப் புதிய கோப்பின் தொடக்கத்தில் மேலெழுதுங்கள். இப்படிச் செய்தால், ஒலி வேலையில் தலைப்பகுதி சிதைந்திருந்தாலும் படம் திறந்துவிடும்.

மூன்றாம் படி: ஜேபெக்கின் உள்ளே

கிளிட்ச் கலையின் செழுமையான நிலம் ஜேபெக்தான். சுருக்கப்பட்ட கோப்பில் ஒரு பைட்டு பல பிக்சல்களுக்குப் பொறுப்பாக இருப்பதால், சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தருகிறது.

ஜேபெக் படத்தை வெளிச்சம் ஒன்று, நிறத்தகவல் இரண்டு எனப் பிரித்து, 8-க்கு 8 என்ற சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்தின் சராசரி மதிப்பும், அதற்கு முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவில் மட்டுமே எழுதப்படுகிறது. ஓரிடத்தில் அந்த வேறுபாடு தவறாகிப்போனால், அதன்பின் வரும் சதுரங்கள் எல்லாம் அந்தத் தவறைச் சுமந்துகொண்டே செல்லும். உடைந்த ஜேபெக்கில் ஒரு கோட்டுக்குக் கீழே படம் முழுவதும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மாறிவிடுவது இதனால்தான். மேலும், மதிப்புகள் நீளம் மாறுபடும் ஹஃப்மன் குறிகளாக எழுதப்படுவதால், ஒரு பிட் பிசகினால் படிக்கும் நிரல் குறிகளின் எல்லையைத் தவறவிட்டு, சில சதுரங்களைத் தாண்டிவிடுகிறது. படம் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கிறது.

ஹெக்ஸ் எடிட்டரில் செய்ய வேண்டியது இது. கைப்பேசிப் படங்களுக்குள் ஒரு சிறு முன்னோட்டப் படமும் ஒளிந்திருக்கும் என்பதால், முதலில் ஜிம்ப்பில் திறந்து, மேல்விவரங்களும் முன்னோட்டமும் இல்லாமல், படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கிக் காட்டும் புரோகிரசிவ் தெரிவையும் நீக்கி ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பைத் திறந்தால் எஃப்எஃப் டி8 (FF D8) என்ற இணையுடன் தொடங்கி எஃப்எஃப் டி9 (FF D9) என்ற இணையுடன் முடிவதைக் காண்பீர்கள். நடுவே எஃப்எஃப் டிஏ (FF DA) என்ற இணையைத் தேடுங்கள். அதைத் தொடரும் சில பைட்டுகளைத் தாண்டியதும் படத்தின் உண்மையான தரவு தொடங்குகிறது. அந்தப் பகுதியின் மையத்தில் ஏதேனும் ஒரு பைட்டை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். மாற்றம் முன்னால் இருந்தால் சேதம் படத்தின் மேலிருந்தே தொடங்கும், பின்னால் இருந்தால் அடிப்பகுதியை மட்டும் தொடும். எஃப்எஃப் என்ற மதிப்பை மட்டும் புதிதாக நுழைக்காதீர்கள், அதை ஒரு கட்டளைக் குறியாக எடுத்துக்கொண்டு நிரல் அங்கேயே நின்றுவிடலாம். மூன்று நான்கு மாற்றங்களுக்கு மேல் போனால் படம் சாம்பல் பலகையாகிவிடும் வாய்ப்பு அதிகம். குறைவாக மாற்றுபவர்களின் படங்களே பெரும்பாலும் வலுவாக இருக்கின்றன.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. எஃப்எஃப் டிபி (FF DB) என்ற இணை, அளவாக்க அட்டவணையின் தொடக்கம். அதன்பின் நீளத்தைக் குறிக்கும் இரண்டு பைட்டுகள், அடையாளத்துக்கு ஒரு பைட்டு, பிறகு 64 எண்கள். இவைதான் சதுரங்களின் எந்த நுணுக்கத்தை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. முதல் எண்ணைக் கூட்டினால் படம் முழுவதும் வெளிச்ச வேறுபாடு கடுமையாகி, சதுரங்கள் தட்டையான பலகைகளாகத் தெரியும். பின்னால் உள்ள எண்களுள் ஒன்றைப் பெரிதாக்கினால் எல்லாச் சதுரங்களிலும் நெசவு போன்ற கோடுகள் எழும். தரவைத் தொடாமல் அதைப் படிக்கும் விதியை மாற்றுவதால், உருவம் சிதறாமல் அதன் தசை மட்டும் மாறுவதைக் காணலாம். எனக்கு இந்த முறையே மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தமானது.

பிஎன்ஜியில் இந்த வேலை எளிதாக நடக்காது. அதன் ஒவ்வொரு துண்டிலும் சரிபார்ப்பு எண் இருப்பதால், ஒரு பைட்டு மாறினாலும் பெரும்பாலான நிரல்கள் கோப்பையே நிராகரித்துவிடும்.

நான்காம் படி: காணொளி

காணொளியைச் சுருக்கும்போது எல்லாச் சட்டகங்களும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஐ-சட்டகம் (I) முழுப்படம். பி-சட்டகம் (P), முந்தைய படத்தின் எந்தப் பகுதி எந்தத் திசையில் நகர்ந்தது என்ற குறிப்பையும் எஞ்சிய வேறுபாட்டையும் மட்டும் வைத்திருக்கிறது. இரண்டு காட்சிகளை ஒட்டி, இரண்டாவது காட்சியின் ஐ-சட்டகத்தை நீக்கிவிட்டால், முதல் காட்சியின் நிறங்களே இரண்டாவது காட்சியின் அசைவில் உருகி ஓடும். இதுதான் டேட்டாமாஷிங். அமெரிக்கக் கலைஞர் தகேஷி முராட்டா 2005-இல் இந்த உருகலை ஒரு முழுப் படைப்பின் மொழியாகவே கையாண்டார்.

எஃப்எஃப்எம்பெக்கின் மூலம் காட்சிகளை எக்ஸ்விட் குறியேற்றத்தில் ஏவிஐ கோப்பாக மாற்றுங்கள். ஐ-சட்டகங்களுக்கு இடைவெளி பல நூறு சட்டகங்களாக இருக்கட்டும், முந்தைய படம், அடுத்த படம் என இருபுறமும் நோக்கும் சட்டகங்கள் (B) வேண்டாம். ஐ-சட்டகத்தை நீக்குவதற்கு அவிடெமக்ஸின் பழைய 2.5 வரிசைப் பதிப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் இதற்கென எழுதிப் பகிரப்பட்ட பைத்தான் நிரல்களும் உண்டு. இரண்டாவது காட்சியில் கேமரா மெதுவாக ஒரே திசையில் நகர்வது நல்லது. ஒரே பி-சட்டகத்தைப் பல முறை நகலெடுத்து அடுக்கினால், நகர்வு திரும்பத் திரும்பக் கூடி உருவம் பூவாக விரியும்.

ஐந்தாம் படி: சேமித்தலும் வெளியிடுதலும்

உடைந்த கோப்பு எல்லா இடத்திலும் ஒரே படமாகத் தெரியாது. தவறான தரவைச் சந்திக்கும்போது ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி முடிவெடுக்கும்: ஒன்று நிறம் மாற்றிக் காட்டும், இன்னொன்று பாதியில் நிறுத்தும், வேறொன்று திறக்கவே மறுக்கும். சமூக ஊடகங்கள் ஏற்றப்படும் படத்தை மறுபடி சுருக்குவதால், உடைந்த கோப்பை அப்படியே ஏற்றினால் என்ன வரும் என்று உறுதி சொல்ல முடியாது. எனவே உங்களுக்குப் பிடித்த தோற்றத்தைக் காட்டும் நிரலிலேயே திரைப்பிடிப்பு எடுத்து, பிஎன்ஜியாகச் சேமித்து, அதைப் பொதுவில் வெளியிடுங்கள். காணொளியானால் திரைப்பதிவு செய்து மீண்டும் குறியேற்றம் செய்யுங்கள். உடைந்த மூலக்கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், வேறொரு நிரலில் அது வேறொரு படமாகத் திறக்கலாம்.

கடைசியாக, ஒவ்வொரு படைப்புடனும் ஓர் உரைக்கோப்பை வையுங்கள். எந்த இடத்து பைட்டு, பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன, எக்கோவின் தாமதம் எவ்வளவு, எந்த நிரலின் எந்தப் பதிப்பில் பார்த்தது என்பவற்றை அதில் எழுதுங்கள். அமெரிக்கக் கலைஞர் கோரி ஆர்கேஞ்சல் 2002-இல் நிண்டெண்டோவின் மாரியோ விளையாட்டுக் காட்ரிட்ஜில் சில்லை மாற்றி, நீல வானில் நகரும் மேகங்கள் மட்டும் மிஞ்சும்படி செய்தபோது, அதைச் செய்யும் முறையையும் நிரலையும் இணையத்தில் வெளியிட்டார். ஜெர்மனியைச் சேர்ந்த கிம் அசென்டார்ஃப் பிக்சல்களை வெளிச்ச வரிசையில் அடுக்கும் தம் நிரலைப் பகிர்ந்ததால்தான் அந்த முறை உலகெங்கும் பலர் கைக்குப் போனது. உங்கள் உரைக்கோப்பையும் படத்துடன் சேர்த்தே வெளியிடுங்கள். மூலப்படத்தின் நகல் ஒன்றையும் அதே கோப்புறையில் வைத்தால், பார்ப்பவர் அதே பைட்டை மாற்றித் தாமே சோதித்துப் பார்க்கலாம்.